விலைபோன தூண்களும் விலைபோகாத ஏடுகளும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்கு வெளியே பர்மா தேக்குக் கதவுகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருப்பார்கள். உள்ளே ரசம் போன பெல்ஜியம் கண்ணாடிகள், அடுக்கடுக்காக எனாமல் தூக்குகள், சரிகையும் ஜிகினாவும் ஒட்டி உடுத்திவிட்ட ரவிவர்மா அச்சுப் படங்கள், சங்கிலி இல்லாத ஊஞ்சல் பலகைகள், மரப்பாச்சிகள், முறுக்கு உழக்குகள். எல்லாவற்றுக்கும் விலை உண்டு. எங்கிருந்து வந்தவை என்று கேட்டால் செட்டிநாட்டு வீடு என்று பதில் வரும். எந்த ஊர், எந்த விலாசத்தார் வீடு, எந்த அறையில் இருந்தது, யார் கல்யாணத்துக்கு யார் வாங்கியது என்பதெல்லாம் பொருளோடு கடைக்கு வந்து சேர்வதில்லை. பொருளின் பாதி, வீட்டு வாசலைத் தாண்டும்போதே கழன்றுவிடுகிறது. கழன்றுபோன அந்தப் பாதியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு என்றதும் புதையல் ஞாபகம் வருவது இயல்பு. நிலவறையில் தங்கம், சுவருக்குள் வைரம் என்று செட்டிநாட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரு கதை உலவுகிறது. உண்மையில் தங்கம்தான் முதலில் வெளியேறியது. வெளிநாட்டு வருமானம் நின்ற 1940களிலேயே பல வீடுகளின் நகைகள் அடகுக்கும் விற்பனைக்கும் போய்விட்டன. தங்கம் போன பிறகும் அந்த வீடுகளில் மிச்சம் இருந்தவை எவை, அவற்றில் எதைக் காப்பாற்றினோம், எதை எடைக்குப் போட்டோம் என்பதைத்தான் இப்போது கேட்கவேண்டியிருக்கிறது.

ஐராவதிக் கரையிலிருந்து வந்த வீடுகள்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது செட்டிநாடு. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் 96 என்பது மரபு. இன்று எஞ்சியவை எழுபதுக்குச் சற்று மேல். வானம் பார்த்த பூமி. ஊரணித் தண்ணீரை நம்பி வாழ்ந்த ஊர்களில் இத்தாலியச் சலவைக் கல்லும் இரும்புத் தூண்களும் வந்து இறங்கியதற்குக் காரணம் கடல் கடந்த வட்டித் தொழில்.

1852இல் ஆங்கிலேயர்கள் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி டெல்டாவின் காட்டையும் சதுப்பையும் நெல்வயலாக்க பர்மிய விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. ஆங்கில வங்கிகள் அவ்வளவு சிறிய கடன்களில் கை வைக்கவில்லை. நகரத்தார் வைத்தார்கள். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர் அடுத்தாளாகி, மேலாளாகி, தவணைக் கணக்கு முடிந்து ஊர் திரும்பினார். பெண்டுபிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். 1930இல் வெளிவந்த பர்மா வங்கித் தொழில் விசாரணை அறிக்கை, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவர்கள் போட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது.

அதே நேரத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக எழுதிக் கொடுத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம்; 1938இல் அது 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று கேட்டு அவர்கள் கடன் கொடுக்கவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது. இந்த வீடுகளின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே தாய்நாடு வந்தார்கள். காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு என்று இன்றும் ஊரே காட்டும் வீடு கட்டப்பட்டதும் அதே 1941இல்தான். பிறகு சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1960களில் நே வினின் ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. வீடுகளைப் பராமரிக்கும் பணம் எந்தத் திசையிலிருந்து வந்துகொண்டிருந்ததோ அந்தத் திசை அடைபட்டது. குடும்பங்கள் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் பிழைக்கப் போயின. வீடுகளைப் பூட்டி, சாவியைப் பக்கத்துத் தெருவில் யாராவது ஒரு ஆச்சியிடமோ காவல்காரரிடமோ கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சாவி இருந்த அறைகள்

நகரத்தார் வீடு ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும். முகப்பு, கல்யாணக் கொட்டகை, வளவு, இரண்டாம் கட்டு, அதற்குப் பின் சமையல் கட்டு. ஆண்களின் தொழிலும் விருந்தும் முகப்பில். வளவின் நான்கு பக்கமும் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஒரு பாகம், அதில் சாமான் வைத்துப் பூட்ட ஒரு உள்ளறை. ஆட்கள் பெரும்பாலும் திறந்த பட்டாலையில் படுத்து எழுந்தார்கள். அறை இருந்தது பொருளுக்காக.

அந்தப் பொருளில் பெரும்பகுதி பெண்ணோடு வந்தது. மகள் பிறந்ததும் தாய் சேர்க்கத் தொடங்குவாள். பித்தளையில் இத்தனை, வெண்கலத்தில் இத்தனை, எவர்சில்வர் வந்த பிறகு அதில் இத்தனை. ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் இருந்த ஆண்கள் திரும்பும்போது மங்குச் சாமானும் அரக்குப் பெட்டியும் கண்ணாடிச் சாமானும் கொண்டுவந்தார்கள். சுவீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் முத்திரையோடு எனாமல் பாத்திரங்கள் வந்தன. கல்யாணத்தில் எல்லாவற்றையும் உறவினர் பார்க்கப் பரப்பிவைத்து, பிறகு அறைக்குள் அடுக்கிப் பூட்டினார்கள். சாவி அந்தப் பெண்ணின் இடுப்பில். அந்த வீட்டில் நிலமும் பங்கும் விலாசமும் ஆண் வழியில் போனபோது, இந்த அறைக்குள் இருந்தவை அவளுடையவை. எடுத்து அடுக்கியவற்றில் பல, ஒருநாள்கூட அடுப்பில் ஏறவில்லை. அவள் காலத்துக்குப் பிறகு அறை அப்படியே நின்றது.

பாத்திரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் புள்ளிப் புள்ளியாக எழுத்துகள் தட்டுப்படும். உளியால் வெட்டிய விலாசமும் பெயரும் அவை. சில பாத்திரங்களில் கல்யாணம் நடந்த வருஷமும் இருக்கும். எந்த ஆவணக் காப்பகத்திலும் பெயர் ஏறாத ஒரு பெண்ணுக்கு, அவள் பெயர் உலோகத்தில் நின்ற இடம் இதுதான். பழைய பித்தளை எடைக்குப் போகும்போது முதலில் உருகுவது அந்தப் பெயர். செட்டிநாட்டு வீடுகளின் இழப்பில் எனக்கு மிகவும் உறுத்துவது இது. தூண் போனால் ஊருக்கே தெரியும். வெட்டிய பெயர் போனதை யாரும் கவனிப்பதில்லை.

இந்த அறைகளிலிருந்து ஒரு பொருள் வெளியே வந்து, தன்னோடு ஒரு தொழிலையும் மீட்ட கதையும் இருக்கிறது. ஆச்சிகள் ஓய்வு நேரத்தில் பனை ஓலையில் சாயம் ஏற்றி, மணி கோத்து முடைந்த கொட்டான்கள், குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனதும் வழக்கொழிந்து வந்தன. எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை விசாலாட்சி ராமசாமியின் முயற்சியில் பழைய கொட்டான்களின் பின்னலைப் பாடமாக்கிக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இன்று செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணத் தாம்பூலம் கொட்டானில் போவது மறுபடி நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய கூடையை அலமாரியில் வைத்து வேடிக்கை பார்க்காமல், அதைச் செய்த கையின் வேலையைத் தேடிப்போனதால் கிடைத்த பலன் இது.

ஓடு நகர்ந்த நாள்

ஏன் பூட்டினார்கள் என்பது எளிய கேள்வி. ஏன் திறக்க முடியவில்லை என்பதுதான் சிக்கல். வீடு கட்டிய ஐயாவுக்கு மூன்று மகன்கள் என்றால், நான்கு தலைமுறையில் பங்குக்காரர்கள் ஐம்பது பேரைத் தாண்டுவது சாதாரணம். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டெக்சாஸில், ஒருவர் அடுத்த தெருவில், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. ஓடு மாற்றுவதற்குக்கூடப் பங்காளிகள் எல்லாரும் ஒப்ப வேண்டும். செலவு பெரியது, பங்கு சின்னது, ஊருக்கு வருவதோ கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே ஒரு வீடு இடிந்துபோக இது போதும்.

செட்டிநாட்டு வீட்டைக் கொல்வது மழைதான். அடுக்காக வேய்ந்த நாட்டு ஓட்டில் ஒன்று நகர்ந்தால், மரச் சட்டம் நனையும். நனைந்த சட்டத்தில் கரையான் ஏறும். கைப்பிடிச் சுவரில் பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை வேர் விட்டு, சுண்ணாம்புக் கட்டைப் பிளக்கும். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக் கருவெல்லாம் சேர்த்துக் கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் ஏற்றிய பூச்சு, வறண்ட காற்றில் நூறாண்டு நிற்கும்; ஈரம் உள்ளேயே தங்கினால் ஊதிக் கொட்டிவிடும். விரிசலைப் பார்த்து யாராவது சிமெண்ட் வைத்து அடைத்தால் கேடு இரட்டிப்பாகும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்ட் அந்த மூச்சை அடைத்து ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். நல்லெண்ணத்தில் செய்த பழுதுபார்ப்பே பல வீடுகளைச் சீக்கிரம் சாய்த்திருக்கிறது.

கூரை இறங்கத் தொடங்கியதும் தரகர் வருகிறார். பெரும்பாலும் பித்தளையும் வெண்கலமும் முதலில் போகும். பிறகு மங்குச் சாமான், படங்கள், கடிகாரம், நாற்காலி மேசை. பிறகு சரவிளக்குகள். கடைசியில் கதவு, நிலை, தூண். தூணை உருவியபின் வீடு என்பது செங்கல் குவியல். அந்தத் தேக்கு, பெரு நகரங்களின் பண்ணை வீடுகளிலும் விடுதி வரவேற்பறைகளிலும் மறுபிறவி எடுக்கிறது. விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் தூணை விற்ற குடும்பங்கள் உண்டு. அரை நூற்றாண்டாக அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்க முன்வராத நாம், விற்கும்போது மட்டும் பாரம்பரியம் என்று பேசுவது நியாயமாகாது.

ஆனால் இந்த வரிசையில் ஒரு பொருளை விட்டுவிட்டேன். தரகரும் விட்டுவிடுவது அதைத்தான்.

பேரேட்டில் இருப்பவர்கள்

முகப்பு அறையின் மரப்பெட்டியிலோ பரணிலோ கட்டுக் கட்டாகக் காகிதம் கிடக்கும். நாள்வழிக் குறிப்பேடு, ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பற்று வரவு எழுதிய பேரேடு, ஐந்தொகை, உண்டியல் சீட்டு, மேலாளுக்கு எழுதிய சம்பளச் சீட்டு, ரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் வந்த கடிதங்கள். கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் ஓலையிலும் பிறகு காகிதத்திலும். வீடு கட்டிய செலவுக் கணக்கு. மொய்ப்பண ஏடு. படைப்புக்கு வாங்கிய சாமான் பட்டியல். எழுத்து பழைய கூட்டெழுத்து, எண்கள் தமிழ் எண்கள், பின்னங்கள் மாகாணியும் முந்திரியும். இன்றைய பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடியாது. ஆகவே குப்பை என்று தோன்றிவிடுகிறது. வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் அது பழைய பேப்பர் கடைக்குப் போகும், இல்லையென்றால் பின்கட்டில் எரியும்.

கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் உண்மையான புதையல் இதுதான் என்று நான் நம்புகிறேன். பர்மாவில் நகரத்தார் என்ன செய்தார்கள் என்பதை உலகம் இன்றும் பெரும்பாலும் ஆங்கில அரசின் விசாரணை அறிக்கைகள் வழியாகவே தெரிந்துகொள்கிறது. அந்த அறிக்கைகளில் இருப்பவை மொத்தத் தொகைகள். எந்தக் கிராமத்தில், எந்த விவசாயிக்கு, எந்த மாதம், எத்தனை வட்டிக்கு, எத்தனை கூடை நெல்லுக்கு ஈடாகக் கடன் போனது, எந்த வருஷம் அவர் கட்டமுடியாமல் நின்றார் என்பது பேரேட்டில்தான் இருக்கும். நிலத்தை இழந்த அந்த பர்மியரின் பெயர் தேக்குத் தூணில் இல்லை. தமிழ் எழுத்தில், சிவகங்கை மாவட்டத்து ஊர் ஒன்றின் பரணில் அது இருக்கக்கூடும். இரண்டு நாட்டு வரலாற்றின் சான்று ஒன்றை எடைக்குப் போட நமக்கு உரிமை உண்டா என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

சட்டம்கூட இதில் நம்மைவிட ஒரு படி முன்னே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, சிற்பமோ மரவேலையோ தொல்பொருள் ஆவதற்கு 100 ஆண்டு பழமை வேண்டும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டு போதும். அதாவது 1940களின் ஒரு நல்ல பேரேடு, அதே காலத்தில் நட்ட தூணுக்கு முன்பே தொல்பொருளாகிவிடும் தகுதி உடையது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமோ மண்ணுக்குள் ஒளிந்திருப்பதைப் பற்றியது. 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளது கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பரணில் கிடக்கும் காகிதத்தை அந்தச் சட்டம் தொடாது. அதைக் காப்பாற்றுவது வீட்டுக்காரரின் மனசாட்சியைப் பொறுத்தது.

கோட்டையூரில் ஒருவர் இதைத் தனியாளாகச் செய்து காட்டினார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா, பிறர் வேண்டாம் என்று கழித்த காகிதத்தைத் தேடித் தேடிச் சேர்த்தார். நூல்கள், பத்திரிகைகள் மட்டுமல்ல. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், கடிதம் வரை. 1992இல் அவர் மறைந்தபோது அவர் வீட்டில் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமையத் துணைநின்றது. இன்று தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி ஆராய்கிறவர்கள் அந்த நூலகத்தைத் தவிர்க்க முடியாது. ஒரு செட்டிநாட்டு வீட்டிலிருந்து வெளிவந்த பெரும் செல்வம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதன் மறுபக்கமும் நமக்குத் தெரிந்ததே. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் ஆகுதி செய்துவிட்டதாக அங்கே அவருக்குச் சொன்னார்கள். எரித்தவர்களுக்குப் பகை எதுவும் இல்லை. வாசிக்கத் தெரியாத ஏட்டை மரியாதையாக அனுப்பிவைத்தோம் என்றே நினைத்தார்கள். பின்கட்டில் பேரேட்டை எரிக்கிற வீட்டிலும் நடப்பது அதுதான்.

கதவைத் திறக்கிறவர்களுக்கு

சில வீடுகள் பிழைத்திருக்கின்றன. காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், ராமச்சந்திரபுரத்தில் சிதம்பர விலாஸ் ஆகியவை விடுதிகளாக ஓடுகின்றன. கொத்தமங்கலம் சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்தார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வணிகர் வீட்டை நடந்து பார்க்கலாம். செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இவையெல்லாம் நல்லவை. விருந்தினர் வந்தால் ஓடு மாற்றப் பணம் வரும். ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகள் எல்லாவற்றையும் விடுதியாக்க முடியாது, பலவற்றின் கதை விற்பனையில்தான் முடியப்போகிறது. அதை ஏற்றுக்கொண்டே யோசிக்கலாம்.

விற்பதற்கு முன் ஒரு நாள் போதும். அறையைத் திறந்ததும் எதையும் நகர்த்தாமல், இருக்கிறபடியே செல்பேசியில் படம் எடுக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு பாத்திரத்திலும் வெட்டியிருக்கும் பெயரைப் படம் எடுத்து எழுதிக்கொள்ளவேண்டும். பக்கத்தில் வயதான ஆச்சி யாராவது இருந்தால் அவரை உட்காரவைத்து, இது யாருடைய அறை, இது எந்தக் கல்யாணத்துச் சாமான் என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அவருக்குத் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது. ஏடுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டக்கூடாது, வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கிழிந்த தாளில் டேப் ஒட்டக்கூடாது. துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றி, ஏடுகளைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூச, தெரிந்தவர் கையை நாடுவது நல்லது. மூலத்தைக் கொடுத்துவிட வேண்டுமோ என்ற பயமும் தேவையில்லை. ஏட்டை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, படத்தை மட்டும் எடுத்துப் பொதுவில் வைக்கும் முறை இன்று உலகெங்கும் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் தமிழகத்திலும் அப்படிச் செய்திருக்கிறது.

இதற்குப் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் போகவேண்டியதில்லை. முன்னோருக்குச் சேலையும் வேட்டியும் வைத்துக் கும்பிடும் படைப்பு நாளில் எப்படியும் எல்லாரும் கூடுகிறார்கள், வீடும் திறந்திருக்கிறது, ஆச்சிகளும் வந்திருக்கிறார்கள். அடுத்த படைப்புக்கு நாள் குறிக்கும்போதே பரண் ஏணிக்கும், பூட்டிய அறையின் சாவிக்கும், பேரப்பிள்ளைகளில் படம் எடுக்கத் தெரிந்த ஒருவருக்கும் சொல்லிவைத்துவிடலாம்.